வாத்தியம் மாறும்போது

ஒரு பாட்டை அது பிறந்த வாத்தியத்திலேயே வாசித்தால் யாரும் தகராறுக்கு வருவதில்லை. வாத்தியம் மாறினால்தான் வம்பு தொடங்குகிறது. கிளாரினெட்டில் தோடி வாசித்தபோது முகம் சுளித்தவர்கள் நம் நாட்டில் இருந்தார்கள். மாண்டலினில் வாசித்தபோதும் இருந்தார்கள். சில வருஷங்கள் கழித்து அவர்களில் பலர் முன்வரிசையில் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டதையும் பார்த்தோம். ஆகவே முகச் சுளிப்பை வைத்துக்கொண்டு ஒரு புது முயற்சியை எடை போட முடியாது. கைதட்டலை வைத்தும் எடை போட முடியாது; கைதட்டல் வாங்குவதற்குச் சங்கீதத்தைக் காட்டிலும் சுலபமான வழிகள் எத்தனையோ இருக்கின்றன. வேறு ஒரு தராசு வேண்டும்.

அந்தத் தராசைத் தேடுவதற்காக ஓர் இசைத்தட்டை எடுத்துக்கொள்கிறேன். அதன் பெயர் 'ஷக்தி'. 1975-ஆம் வருஷம் ஜூலை 5-ஆம் தேதி, அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த லாங் ஐலண்டில், ஸவுத்தாம்ப்டன் கல்லூரியில் நடந்த கச்சேரியைப் பதிவு செய்து அடுத்த வருஷம் வெளியிட்டார்கள். மொத்தம் மூன்றே உருப்படிகள். முதல் பக்கத்தில் 'ஜாய்' என்பது 18 நிமிஷம். அதை அடுத்து வரும் 'லோட்டஸ் ஃபீட்' ஐந்து நிமிஷத்துக்குச் சற்றுக் குறைவு. இரண்டாம் பக்கம் முழுவதையும் ஒரே உருப்படி பிடித்துக்கொண்டிருக்கிறது. அது ஏறக்குறைய 29 நிமிஷம். சேலத்தில் பஸ் ஏறுகிறவர் நாமக்கல்லில் இறங்குவதற்குள் தட்டு முழுவதையும் செல்பேசியில் கேட்டு முடித்துவிடலாம். அரை நூற்றாண்டுக்கு முந்திய தட்டைப் பற்றி இப்போது என்ன பேச்சு என்று நேயர்கள் கேட்கலாம். தட்டு பழசுதான். அது கிளப்பிய கேள்வி மட்டும் இன்றைக்கும் நம் ஊர்க் கல்யாணப் பந்தல்களிலும் கோயில் வாசல்களிலும் பதில் கிடைக்காமல் நிற்கிறது.

வாசித்தவர்கள் ஐந்து பேர். கிதார், ஜான் மெக்லாக்லின், இங்கிலாந்துக்காரர். பிடில், எல். சங்கர். கடம், டி. எச். விநாயக்ராம், 'விக்கு' என்ற செல்லப் பெயரோடு உலகம் அறிந்தவர். மிருதங்கம், ராம்நாட் ராகவன். தபலா, பம்பாயைச் சேர்ந்த ஜாகிர் ஹுசேன். சங்கரின் தகப்பனார் வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் சங்கீத ஆசிரியராக இருந்தவர். 1958-ஆம் வருஷத்து இனக் கலவரத்துக்குப் பிறகு அந்தக் குடும்பம் இலங்கையை விட்டுச் சென்னைக்கு வந்து சேர்ந்தது. விநாயக்ராமின் தகப்பனார் ஹரிஹர சர்மா சென்னையில் தாள வாத்தியப் பள்ளி நடத்தியவர். ராகவன் அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் மிருதங்கம் கற்பித்துக்கொண்டிருந்தார். ஜாகிர் ஹுசேனுக்கு அப்போது 24 வயது, சங்கருக்கு 25. ஒரு கிதார், ஒரு பிடில், மூன்று கொட்டு. மேடையில் மின் கிதார் கிடையாது. மேல்நாட்டு டிரம்ஸும் கிடையாது.

இதில் என்ன அதிசயம் என்றால், அந்த ஆங்கிலேயரின் பூர்வ கதைதான். மெக்லாக்லின் 1971-இல் 'மஹாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா' என்று ஒரு கோஷ்டி அமைத்தார். ஜாஸ் சங்கீதத்தின் நுட்பத்தையும் ராக் சங்கீதத்தின் முரட்டுத்தனத்தையும் ஒன்றாய்க் கலந்து அடித்த கோஷ்டி அது. இரண்டு கழுத்துள்ள மின் கிதாரை மாட்டிக்கொண்டு அவர் மேடையில் நின்றால், ஒலிபெருக்கிகளின் முழக்கத்தில் எதிரில் உட்கார்ந்திருப்பவர்களின் நெஞ்செலும்பு அதிரும். ராக் என்பது 1950-களில் அமெரிக்காவில் நடனச் சங்கீதமாகத் தலையெடுத்து, அடுத்த பத்து வருஷத்துக்குள் உலகத்து இளைஞர்களையெல்லாம் பிடித்துக்கொண்டது. உரத்த ஒலி அதன் உடம்போடு ஒட்டியது. நம் ராகத்திலிருந்து கமகத்தை எப்படிப் பிரித்து எடுக்க முடியாதோ, அப்படித்தான் அதிலிருந்து அந்த உரப்பையும் பிரிக்க முடியாது என்று அதன் ரசிகர்கள் நம்பினார்கள்.

சேலத்துக்காரர்களுக்கு இந்தச் சமாசாரம் முற்றிலும் அந்நியம் என்று நினைக்க வேண்டாம். ஏற்காடு சாலையில் டி. ஆர். சுந்தரம் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் கம்பெனியின் படங்களுக்கு, 1960-களில் வேதா என்ற சங்கீத டைரக்டர் இசையமைத்தார். ஹிந்தி மெட்டுகளையும் மேல்நாட்டு நடனத் தாளங்களையும் தமிழுக்குக் கொண்டுவந்து இறக்குவதில் அவர் சமர்த்தர். 1965-இல் வெளிவந்த 'வல்லவனுக்கு வல்லவன்' படத்தின் பாட்டுகளை இன்றும் நம் பக்கத்தில் முணுமுணுப்பவர்கள் உண்டு. அவற்றில் ஒன்று இரண்டு வருஷம் முந்திய ஒரு ஹிந்திப் பாட்டின் மெட்டு என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. மெட்டு எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றிச் சாதாரண ஜனங்கள் கவலைப்பட்டதே இல்லை. வந்த மெட்டு நம் வாயில் உட்கார்ந்ததா என்று மட்டும் பார்த்தார்கள். அது மோசமான தராசு என்று சொல்ல மாட்டேன். ஆனால் பாட்டுக்கு வார்த்தை துணை இருக்கிறது. வார்த்தை தமிழாக இருந்தால் மெட்டு பாதித் தமிழாகிவிடுகிறது. வாத்தியத்துக்கு அந்தத் துணை இல்லை.

முரட்டுச் சங்கீதத்தை மென்மையான தந்தி வாத்தியங்களுக்குக் கொண்டுவர மூன்று வழிகள் இருக்கின்றன. முதல் வழி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துவது. இதை மெக்லாக்லினே செய்து பார்த்தார். 1974-இல் வந்த 'அபோகலிப்ஸ்' என்ற தட்டில், மஹாவிஷ்ணு கோஷ்டியோடு லண்டன் ஸிம்பனி ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசித்தது. நடத்தியவர் மைக்கேல் டில்ஸன் தாமஸ். தயாரித்தவர் பீட்டில்ஸ் கோஷ்டியின் தட்டுகளை உருவாக்கிய ஜார்ஜ் மார்ட்டின். இவ்வளவு பெரிய மனிதர்கள் கூடியும், எனக்கு அந்தத் தட்டில் கல்யாண வீட்டில் சம்பந்திகள் உட்கார்ந்திருப்பது போன்ற தோற்றம்தான் கிடைக்கிறது. மரியாதை நிறைய இருக்கிறது. பேச்சு கலக்கவில்லை. பிடில்கள் மெத்தை விரிக்கின்றன. மின் கிதார் அதன்மேல் ஏறி நடக்கிறது. பிடில்களை எடுத்துவிட்டாலும் கிதார் தன் காரியத்தைப் பார்த்துக்கொண்டு போகும்.

இரண்டாவது வழி, அசலைப் போலவே வாசித்துக் காட்டுவது. இரண்டு பிடில், ஒரு வயோலா, ஒரு செல்லோ என்று நான்கு பேர் உட்கார்ந்து வாசிக்கும் கோஷ்டிகள் மேல்நாட்டில் 18-ஆம் நூற்றாண்டிலிருந்து உண்டு. அந்த முறையில் அமைந்ததுதான் 1973-இல் டேவிட் ஹாரிங்டன் ஆரம்பித்த 'க்ரோனோஸ்' நால்வர் கோஷ்டி. ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் 1967-இல் மின் கிதாரில் வாசித்துப் பாடிப் பெயர் பெற்ற 'பர்ப்பிள் ஹேஸ்' என்ற ராக் பாட்டை இவர்கள் வில்லைத் தந்தியில் அழுத்தி உராய்ந்து, மின் கிதாரின் கரகரப்பை அப்படியே வரவழைத்து, 1986-ஆம் வருஷத்துத் தட்டில் பதிந்தார்கள். மூன்று நிமிஷ வேடிக்கை. சபையில் கடைசி உருப்படியாக வாசித்தால் கரகோஷம் நிச்சயம். ஆனால் அந்த ரசம் எங்கிருந்து வருகிறது? 'அட, இந்தக் கோட்டு சூட்டு வாத்தியங்களா இப்படிச் சத்தம் போடுகின்றன!' என்ற ஆச்சரியத்திலிருந்து வருகிறது. அசலைக் கேட்டிருக்கிறவனுக்கு அது தேன். கேட்டிராதவனுக்கு நாலு பேர் ஏன் இவ்வளவு கோபமாக இருக்கிறார்கள் என்றுதான் தோன்றும். மிமிக்ரிக் கலைஞன் ஒரு தலைவரைப் போலப் பேசிக் காட்டுவதற்கும், அந்தத் தலைவர் சொன்னதைத் தன் குரலில் எடுத்துச் சொல்வதற்கும் வித்தியாசம் உண்டு அல்லவா?

மூன்றாவது வழி 'ஷக்தி' தட்டின் வழி. இதைச் சற்று விவரமாகப் பார்க்க வேண்டும்.

மின் கிதாரை விட்டுச் சாதாரண மரக் கிதாரை எடுத்தவுடன் மெக்லாக்லினுக்கு ஒரு பெரிய நஷ்டம் ஏற்பட்டது. மின் கிதாரில் ஒரு ஸ்வரத்தை மீட்டினால் வேண்டிய மட்டும் அதை நிறுத்தி வைக்கலாம்; மின்சாரம் அதைத் தாங்கிக்கொள்ளும். மரக் கிதாரில் மீட்டிய ஸ்வரம் இரண்டு விநாடியில் செத்துப் போகிறது. நீட்டி அழுகிற பாஷை அதற்கு இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிடிலுக்கோ நீட்டுவதுதான் பிறவிக் குணம். வில் ஓடுகிற வரைக்கும் நாதம் ஓடும். ஆக, முன்பு ஒரே மின் கிதார் செய்த வேலையை இரண்டு வாத்தியங்கள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. கிதார் பொடிப் பொடியாக ஸ்வரங்களை இறைக்கிறது. பிடில் கோடு இழுக்கிறது. 'ஜாய்' உருப்படியில் இரண்டும் சேர்ந்து ஒரே சஞ்சாரத்தை மூச்சு விடாமல் ஓடுகிற இடங்களைக் கேளுங்கள். கிதாரின் ஒவ்வொரு மீட்டலும் பிடில் ஸ்வரத்துக்கு ஒரு விளிம்பு கட்டிக் கொடுக்கிறது; பிடில் அந்த விளிம்புகளுக்கு நடுவே ரத்தம் பாய்ச்சுகிறது. இரண்டும் கலந்து கேட்கும் ஓசை, தனித்தனியே எந்த வாத்தியத்திலும் இல்லாத மூன்றாவது ஓசையாக இருக்கிறது. ஒலிபெருக்கியின் இரைச்சலால் உண்டான பலத்தை இங்கே இருவரின் ஒற்றுமையால் உண்டாக்குகிறார்கள். ராக் சங்கீதத்தின் உக்கிரம் அப்படியே இருக்கிறது; அது நிற்கிற அஸ்திவாரம் வேறாகிவிட்டது.

இது தற்செயலாக வந்த சித்தி இல்லை. மெக்லாக்லின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றுக்கொண்டவர். வீணையில் மெட்டுகளுக்கு இடையே தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் பிடிப்பதைக் கண்டவருக்குத் தம் கிதாரின் தட்டையான பலகை போதவில்லை. மெட்டுகளுக்கு நடுவில் மரத்தைக் குடைந்து பள்ளமாக்கி, தந்தியை அழுத்தவும் இழுக்கவும் வசதி செய்து, ஓசைக்குத் துணையாக அதிரும் ஏழு தனித் தந்திகளையும் குறுக்கே பூட்டிய ஒரு கிதாரைச் செய்வித்துக்கொண்டார். அயல் சங்கீதத்தில் ஆசை வைக்கிறவர்கள் அநேகர். அந்த ஆசைக்காகத் தன் வாத்தியத்தின் மரத்தைக் குடைந்துகொள்கிறவர் அபூர்வம்.

கொட்டு வாத்தியங்களுக்கு வருவோம். ராக் கோஷ்டியில் டிரம்ஸ் என்பது தூண் மாதிரி. மற்றவர்கள் அதில் சாய்ந்துகொண்டு விளையாடுவார்கள். இங்கே மிருதங்கமும் தபலாவும் கடமும் தூணாக நிற்கச் சம்மதிக்கவில்லை. ஒன்று கணக்குப் போட, இன்னொன்று அதைக் குலைத்துப் போட, மூன்றாவது இரண்டையும் சமாதானம் செய்து சமத்தில் கொண்டுவந்து சேர்க்கிறது. கடம் இதில் செய்கிற காரியம் விசேஷமானது. சுட்ட மண் பானைக்கு மிருதங்கத்தின் கும்காரம் கிடையாது என்று நினைப்போம். பானையின் வாயை வயிற்றில் அழுத்தியும் விலக்கியும் விநாயக்ராம் கிளப்புகிற அடிநாதம் இந்தத் தட்டுக்குப் புதை பலமாக இருக்கிறது. சபைக் கச்சேரிகளில் மிருதங்கத்துக்கு அடுத்த படியில் உட்கார்ந்து, தனி ஆவர்த்தனத்தில் தன் முறை வருகிற வரை காத்திருந்த வாத்தியம் அது. ஸவுத்தாம்ப்டனில் அது சம ஆசனம் போட்டு உட்கார்ந்துவிட்டது.

இவ்வளவு சொன்ன பிறகு குறையையும் சொல்ல வேண்டும். ராக் தாளத்துக்கு ஒரு கனம் உண்டு. அதைக் கேட்கிறவனுடைய உடம்பு, மனத்தின் உத்தரவுக்குக் காத்திராமல் ஆடத் தொடங்கும். ஆடி மாசத்தில் சேலம் கோட்டை மாரியம்மன் பண்டிகையின்போது பம்பை முழங்குகிற இடத்தில் நின்றிருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கணக்கு அறியாதவனுடைய காலும் தானாக எழும். 'ஷக்தி' தட்டில் அந்தக் கனம் இல்லை. மூன்று கொட்டுகளும் மகா புத்திசாலிகள். புத்திசாலிகள் மூன்று பேர் பேசுகிற இடத்தில் கேட்டுக்கொண்டிருக்கலாம். சாமி ஆட முடியாது. ராக்கின் உக்கிரத்தைக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் அதன் உடல் வேகத்தை வழியில் இறக்கி வைத்துவிட்டார்கள்.

இரண்டாம் பக்கத்து 29 நிமிஷ உருப்படியில் இன்னொரு குறை. அதன் பெயர் ஒரு பஜனைக் கண்ணியைப் போல நீண்டது; எனக்கு அது எதற்கு, இது எதற்கு, இறைவன் அடியில் ஆடுகிறேன், எல்லாம் ஆனந்தம் என்ற பொருள் வரும்படி அமைந்தது. எதுவும் வேண்டாம் என்று சொல்கிற உருப்படியில் எல்லாவற்றையும் வாசித்துவிட வேண்டும் என்ற ஆவல் தெரிகிறது. கிதாரும் பிடிலும் ஒருவருக்கொருவர் கேள்வி பதில் போட்டுக்கொள்ளும் கட்டம் முதலில் சம்பாஷணையாக இருக்கிறது, பிறகு பந்தயமாகிறது. எதிரில் இருக்கும் கூட்டம் கைதட்ட, வேகம் ஏறுகிறது. வேகம் ஏற, மேலும் கைதட்டல். வேகத்தை உக்கிரம் என்று நினைத்துக்கொள்வது வாத்தியக்காரர்களின் பழைய வியாதி. நம் டிசம்பர் கச்சேரிகளில் அதற்கு வைத்தியம் கிடைத்துவிட்டதாகவும் நான் கேள்விப்படவில்லை.

ஆனால் இந்தக் குறையைக்கூட இந்தத் தட்டு நமக்குக் காட்டுகிறதே, அது சபையில் பதிந்ததன் பலன். ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிந்திருந்தால் நிதானமாக உட்கார்ந்து நீளத்தைக் கத்தரித்திருப்பார்கள். கைதட்டலின் கவர்ச்சி இருந்திருக்காது. வாசிப்பு ஒருவேளை இன்னும் சுத்தமாக இருந்திருக்கும். ஆனால் ஐந்து பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, அடுத்த அடி எங்கே விழும் என்று தெரியாமல் கால் வைக்கிற அந்தத் துணிச்சல் போயிருக்கும். எதிரில் ஆள் இருக்கும்போது வாசிப்பவன் வேறு மனிதனாகிறான். சில சமயம் உயருகிறான். சில சமயம் கெடுகிறான். இரண்டும் இந்த ஒரே தட்டில் பதிவாகியிருக்கின்றன.

உயர்ந்த இடம் எது என்று கேட்டால் தயங்காமல் சொல்வேன்: 'லோட்டஸ் ஃபீட்'. மெக்லாக்லின் இதே உருப்படியை மஹாவிஷ்ணு கோஷ்டியின் 'இன்னர் வோர்ல்ட்ஸ்' என்ற தட்டிலும் மின் கருவிகளோடு வாசித்திருக்கிறார். அந்தத் தட்டும் 1976-இல்தான் வெளிவந்தது. ஒரே மெட்டு, ஒரே மனிதர், ஏறக்குறைய ஒரே காலம். வாத்தியம் மட்டும் வேறு. நம் கேள்விக்கு இதைவிடச் சௌகரியமான பரீட்சை கிடைக்காது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். மின்சாரத்தில் அது அழகான ஒரு ஓவியம். தூரத்தில், கண்ணாடிக்குள் இருக்கிறது. ஸவுத்தாம்ப்டனில் அதே மெட்டு மூச்சு விடுகிறது. மீட்டிய ஸ்வரம் தேய்ந்து மறைகிற அந்த இடைவெளிகள், மின் கிதார் ஒழித்துவிட்ட அந்த இடைவெளிகள், இங்கே மௌனமாகக் கிடைக்கின்றன. நஷ்டம் என்று முதலில் சொன்னேனே, அந்த நஷ்டமே இங்கே லாபமாக வரவாகிறது. ராக் கேட்டறியாத ஒருவர், மஹாவிஷ்ணு என்றால் பெருமாள் என்று மட்டும் அறிந்த ஒருவர், இந்த ஐந்து நிமிஷத்தைக் கேட்டாலும் அவருக்குக் குறைவு ஒன்றும் தோன்றாது. அசல் என்ற ஊன்றுகோல் இல்லாமல் அது தன் காலில் நிற்கிறது.

இப்படி மாற்றி வாசிப்பது நம் பரம்பரைக்கு ஆகாது என்பவர்களுக்கு ஒரு ஞாபகம். பிடிலே அயல் வாத்தியம்தான். முத்துஸ்வாமி தீக்ஷிதரின் தம்பி பாலுஸ்வாமி தீக்ஷிதர் வெள்ளைக்காரரிடமிருந்து அதைக் கற்று நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார். முத்துஸ்வாமி தீக்ஷிதரே பாண்டு வாத்திய மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு ஸம்ஸ்கிருத சாகித்தியம் செய்தார். நோட்டுஸ்வரம் என்ற பெயரில் முப்பதுக்கும் மேல் இருக்கின்றன. அவற்றில் ஒன்று ஆங்கிலேய ராஜாவின் தேசிய கீத மெட்டு. அண்ணன் மெட்டை எடுத்துக்கொண்டார். தம்பி வாத்தியத்தை எடுத்துக்கொண்டார். பலன் என்ன? நோட்டுஸ்வரங்கள் குழந்தைகள் பாடுகிற அழகான விளையாட்டுச் சாமான்களாக நிற்கின்றன. பிடிலோ கச்சேரி மேடையை ஆண்டுவிட்டது. மெட்டு வந்தபடியே வந்தது. அதற்கு யாரும் கமகத்தின் உழைப்பைக் கொடுக்கவில்லை. பிடிலைத் தோளிலிருந்து இறக்கி, தரையில் சம்மணமிட்டு, சுருளைக் கணுக்காலில் ஊன்றி, விரலை நழுவ விட்டு, தலைமுறை தலைமுறையாக உழைத்து அதை நம் குரலுக்குப் பழக்கினார்கள். வந்த பொருளின் அந்நியத்தை உழைப்புத்தான் போக்கியது. அதே உழைப்பின் எதிர்த்திசைப் பயணம் இந்தத் தட்டில் நடந்திருக்கிறது. 1979-இல் எல். சங்கருடைய பிடில் ஃபிராங்க் ஸாப்பா என்ற ராக் மேதையின் தயாரிப்பில் ஒரு தட்டாகவே வந்தது. ஷக்தி என்ற பெயரில் பின்னாளில் புது ஆட்கள் சேர்ந்து வாசித்த 'திஸ் மொமென்ட்' தட்டு 2023-இல் வெளியாகி, 2024-இல் கிராமி பரிசு பெற்றது. அதே வருஷம் டிசம்பரில் ஜாகிர் ஹுசேன் காலமானார்.

இனி நம் ஊர்க் கேள்விக்கு வருகிறேன். சேலம், நாமக்கல், திருச்செங்கோடு, ராசிபுரம் எங்கே பார்த்தாலும், முகூர்த்த நாளில் நாதஸ்வரக்காரரிடம் போய், "ஏனுங்கண்ணா, சினிமாப் பாட்டு ரெண்டு எடுத்து விடுங்க" என்று சொல்லாத கல்யாண வீடு இல்லை. அவரும் எடுத்து விடுகிறார். இதைக் கண்டு மனம் நோகும் பெரியவர்கள் இருக்கிறார்கள். 'பாரி நாயனத்தில் சினிமாவா, காலம் கெட்டுப் போச்சு' என்கிறார்கள். இவர்கள் நினைப்பதுபோலக் குற்றம் சினிமாப் பாட்டில் இல்லை. நாதஸ்வரத்தில் ஏழு துளைதான் ஸ்வரத்துக்கு, சாவி கிடையாது, நடுவிலுள்ள நுண் ஸ்வரங்களை உதட்டாலும் மூச்சாலும் சீவாளியை அடக்கித்தான் பிடிக்க வேண்டும். ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடகர் மெல்லிய குரலில் ஒலிவாங்கியின் காதோடு காதாகச் சொன்ன ஒரு பாட்டை, தெருவெல்லாம் கேட்கிற அந்த வாத்தியத்தில் உரக்கச் சொல்ல வேண்டும். வார்த்தையின் துணையும் கிடையாது. அந்தரங்கத்தை உரக்கச் சொல்லியும் அந்தரங்கமாகவே வைத்திருப்பது சாமானிய வித்தையா? கைதேர்ந்த வித்துவான் அதைச் செய்கிறபோது, மெக்லாக்லின் மின் கிதாரை இறக்கி வைத்துவிட்டுச் செய்த காரியத்தைத்தான் எதிர்ப் பக்கத்திலிருந்து செய்கிறார்.

வித்தியாசம் ஒன்றே ஒன்று. ஸவுத்தாம்ப்டனில் கேட்பதற்கு ஆள் இருந்தது. நம் மண்டபத்தில் நாதஸ்வரம் வாசல் பக்கத்தில் ஒரு மூலையில் இருக்கிறது. உள்ளே புகைப்படக்காரரின் அதிகாரம், பந்தியின் அவசரம், ஒலிபெருக்கியில் வேறு பாட்டு. சில வீடுகளில் ஊர்வலத்துக்குக் கேரளத்துச் செண்டை மேளமும் வந்துவிட்டது. தவில்காரர் அதற்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறார். கேட்பவன் இல்லாத இடத்தில் வித்துவான் என்ன செய்வார்? பல்லவியை ஒரு தரம் ஊதிவிட்டு அடுத்த பாட்டுக்குத் தாவுகிறார். சரணத்துக்குப் போவதில்லை, ஏனென்றால் சரணம் வரும்வரை யாரும் நிற்கப் போவதில்லை என்று அவருக்குத் தெரியும். அடையாளம் காட்டுவதோடு வேலை முடிந்துவிடுகிறது. நான் இரண்டாவது வழி என்று சொன்னேனே, அசலை ஞாபகப்படுத்தும் வழி, அதிலே அவரை நாம்தான் தள்ளிவிட்டிருக்கிறோம். பிறகு நாமே, 'நாதஸ்வரம் சினிமாவால் கெட்டது' என்று கட்டுரை எழுதுகிறோம்.

தராசைப் பற்றி முதலில் கேட்டேன். இந்தத் தட்டைப் பலமுறை கேட்ட பிறகு எனக்குத் தோன்றுவது இது. மாற்று வாத்தியத்தில் ஒரு சங்கீதத்தைக் கேட்கும்போது, அசல் தெரியாதவனுக்கும் இது நிற்குமா என்று பார்க்க வேண்டும். வாத்தியம் தன் பிறவிக் குணத்தை மறைத்துக்கொண்டு வாசிக்கிறதா, அந்தக் குணத்தாலேயே வாசிக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டிலும் தேறினால், அது ராக்கா, சினிமாவா, தோடியா என்ற விசாரணையை ஒத்தி வைக்கலாம். 'ஷக்தி' தட்டு முதல் பக்கத்தில் நன்றாகத் தேறுகிறது. இரண்டாம் பக்கத்தில் சில இடங்களில் தடுமாறுகிறது. தடுமாறிய இடத்தையும் வெட்டாமல் வெளியிட்டதால் அதன்மேல் எனக்கு மதிப்பு ஏறத்தான் செய்கிறது.

வரும் தை முகூர்த்தங்களில் நேயர்கள் நிச்சயம் ஏதாவது ஒரு கல்யாணத்துக்குப் போவீர்கள். நாதஸ்வரக்காரர் உங்களுக்குத் தெரிந்த ஒரு சினிமாப் பாட்டை எடுத்தால், பந்திக்கு இலை போட்டாகிவிட்டது என்று யார் கூப்பிட்டாலும் ஐந்து நிமிஷம் அவர் எதிரில் நின்று கேளுங்கள். பல்லவி முடிந்த பிறகும் நில்லுங்கள். நீங்கள் நிற்பதைப் பார்த்தால், அவர் சரணத்துக்குப் போவார்.